விஞ்ஞான மாணவனுக்கு எழுத்து எதற்கு?

விஞ்ஞானம் பயிலும் மாணவனுக்குக் கட்டுரைப் பயிற்சி வேண்டியதில்லை என்பது, எவரும் வாய்விட்டுக் கூறாமலே இந்நாட்டுக் கல்வியுலகம் முழுவதும் ஏற்றுக்கொண்டுவிட்ட ஒரு சித்தாந்தமாகும். ஹற்றனிலோ தலவாக்கலையிலோ நுவரெலியாவிலோ க.பொ.த. சாதாரணதரத்திலே கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் உயர்ந்த புள்ளி பெற்ற ஒரு பிள்ளை, உயர்தர விஞ்ஞான வகுப்பின் வாயிற்படியை மிதித்த அன்றே அதன் தமிழ்க் கல்வி முற்றுப்பெற்றுவிடுகின்றது. மூன்று பாடங்களும் பொது ஆங்கிலமும் பொதுப் பரீட்சையொன்றும் என்ற ஏற்பாட்டிலே தாய்மொழிக்கு இடமில்லை. பதினாறு வயதில் அப்பிள்ளை எழுதிய கடைசித் தமிழ்க் கட்டுரை நூலகத்தின் பயனைப் பற்றியதாகவோ, தன்னைக் கவர்ந்த தலைவரைப் பற்றியதாகவோ இருந்திருக்கும். அதுவும் பெரும்பாலும் மனனஞ் செய்யப்பட்டதாகவே இருந்திருக்கும்.

அதன்பின் நிகழ்வது யாது? பௌதிகவியலாயினும் இரசாயனவியலாயினும் உயிரியலாயினும் முதற் பத்திரம் ஐம்பது பல்தேர்வு வினாக்களாலானது. அங்கே எழுத வேண்டியது ஓர் எண் மாத்திரமே. இரண்டாம் பத்திரத்தில் ‘அமைப்புக் கட்டுரை’ என்றும் ‘கட்டுரை’ என்றும் பெயர் சூட்டப்பட்ட பகுதிகள் உள. பெயரைக் கண்டு மயங்க வேண்டியதில்லை. புள்ளித்திட்டத்திலே எந்தச் சொல்லுக்கு எத்தனை புள்ளி என்பதை முன்கூட்டியே அறிந்து, அச்சொல்லைக் கோட்டின்மேல் வைத்துவிடுவதே அங்கு கட்டுரை எனப்படுகின்றது. தனியார் வகுப்புகளில் விற்கப்படுவது பாடமா புள்ளித்திட்டமா என்று கேட்டால் விற்பவரே விடை சொல்லத் தயங்குவார். பல்கலைக்கழகத்தினுள் நுழைந்ததும் கற்கை ஆங்கிலத்துக்கு மாறிவிடுகின்றது. தமிழிலே சிந்தித்து எழுதும் பயிற்சி பாதியிலே கைவிடப்பட்ட மாணவன், ஆங்கிலத்திலே எழுதும் பயிற்சி தொடங்கப்படாத நிலையிலே, ஆய்வுகூடக் குறிப்பேட்டில் சென்ற ஆண்டு மாணவனின் வசனங்களைப் பெயர்த்தெழுதிப் பட்டதாரியாகிவிடுகின்றான். இரு மொழியிலும் சமன்பாடு எழுதத் தெரிந்த, எந்த மொழியிலும் ஒரு பக்கம் எழுதத் தெரியாத பட்டதாரி ஒருவன் இவ்வாறு உருவாக்கப்படுகின்றான்.

இதனை எவரும் குறையெனக் கருதுவதில்லை. ‘அவன் கெட்டிக்காரன், கணக்குப் பிள்ளை, எழுத்தெல்லாம் கலைப்பீடத்தாருக்கு’ என்று பெற்றோர் பெருமையுடன் கூறுவர். ஆசிரியர் ஆமோதிப்பர். கலைப்பீடத்தாரோ தமக்குத் தனியுரிமை கிடைத்துவிட்டதாக எண்ணி மகிழ்வர். கொழும்பிலே வழிவழியாக அலுவலகங்களையும் நீதிமன்றங்களையும் பத்திரிகைகளையும் கைக்குள் வைத்திருக்கும் குடும்பமொன்றில் பிறந்த விஞ்ஞான மாணவன் எழுதாதுவிட்டால் அவனுக்குப் பெரு நட்டமில்லை. அவனுக்காக எழுதுவதற்கு மாமன் உண்டு, மைத்துனன் உண்டு. லயத்தறையிலிருந்து வரும் மாணவனின் நிலை அத்தகையதன்று.

மலையகத் தொழிலாளரின் வரலாற்றை, எழுத்தை வைத்திருந்தவனுக்கும் எழுத்து இல்லாதவனுக்கும் இடையில் நடந்த கதையாகவே படிக்கலாம். ‘துண்டு’ என்ற சொல்லை முதியோர் இன்றும் நினைவிற் கொண்டுள்ளனர். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குச் செல்ல விரும்பிய தொழிலாளி, தான் பட்ட கடன் இவ்வளவு, அதனைச் செலுத்தினால் விடுவிக்கப்படுவான் என்று துரை எழுதிக் கொடுத்த கடதாசித் துண்டோடு செல்ல வேண்டியிருந்தது. அத்துண்டிலே எழுதப்பட்ட தொகை சரியோ பிழையோ என்று அவனால் வாசித்தறிய முடியாது. ஒரு மனிதனின் விலை அவனாலேயே வாசிக்க முடியாத கைந்நாட்டுக் கடதாசியொன்றில் அவன் மடியிலேயே இருந்தது. 1921ஆம் ஆண்டில் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. எனினும் செக்ரோல் ஒழியவில்லை. கங்காணியின் கணக்கும் கணக்கப்பிள்ளையின் பேனாவும் ஒழியவில்லை.

1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றோராக்கிய பின்னர், 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானியர் வதிவுப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களிடம் கேட்டது யாது? எழுத்தைத்தான். 1946 ஜனவரி முதலாந் திகதிக்கு முன்னர், மணமானவர் ஏழு ஆண்டுகளும் மணமாகாதவர் பத்து ஆண்டுகளும் இந்நாட்டில் இடையறாது வதிந்தமைக்குச் சான்று காட்ட வேண்டும் என்றது அச்சட்டம். இந்த மலைகளைத் தேயிலைத் தோட்டங்களாக்கிய கைகள் சான்றாகா, கடதாசி வேண்டும். 8 இலட்சத்துக்கு மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். ஏறத்தாழ 1,34,000 பேருக்கே பிரசாவுரிமை கிடைத்தது. இதற்குக் காரணம் எழுத்தறிவின்மை மட்டுமே என்று கூறுதல் அரசியலை மறைப்பதாகும். இச்சட்டம் மறுப்பதற்காகவே ஆக்கப்பட்டது என்பதை வரலாறு அறிந்தோர் அறிவர். ஆயினும் மறுப்பவன் கையாண்ட கருவி எதுவென்பதை மறந்துவிடலாகாது.

கோ. நடேசய்யர் இதனை நன்குணர்ந்திருந்தார். தஞ்சையிலே வணிகவியல் கற்பித்து, கணக்கியல் பற்றித் தமிழிலே நூலெழுதிய அம்மனிதர், புடவை வியாபாரி வேடத்திலே தோட்டங்களுக்குள் நுழைந்து தொழிலாளரின் நிலையைக் கண்டறிந்து, அதனை உடனே பத்திரிகையிலும் துண்டுப் பிரசுரத்திலும் எழுதினார். அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மையாரின் பாடல்களும் அச்சிட்ட தாள்களாகத் தொழிலாளரிடையே உலவின. நடேசய்யர் கணக்கும் அறிந்தவர், எழுதவும் அறிந்தவர் என்பது ஈண்டு ஊன்றி நோக்கத்தக்கது. சம்பளக் கணக்கிலே கள்ளம் எங்குள்ளது என்பதைக் கண்டவரே அதனை எழுதியவராகவும் இருந்தமையால்தான் தோட்டத்துரைமார் அவரை அஞ்சினர். பின்வந்த தலைமுறையிலே இவ்விரு ஆற்றல்களும் ஒருவரிடத்தே சேர்வது அரிதாயிற்று. எழுத வந்தோர் கவிதையும் சிறுகதையும் எழுதினர். கணக்கறிந்தோர் பரீட்சை எழுதினர்.

இன்றைய தோட்டத்திலே ஒரு விஞ்ஞானப் பட்டதாரி எழுத வேண்டியது யாதுளது என்று வினவுவோர் உளர். முதலிலே கொழுந்து மடுவத்துத் தராசினருகே சென்று நிற்பாராக. நாளொன்றுக்கு இரண்டு மூன்று தடவை கொழுந்து நிறுக்கப்படுகின்றது. பல தோட்டங்களிலே, இலையிலுள்ள ஈரத்துக்கென்றும் சாக்கின் நிறைக்கென்றும் ஒவ்வொரு நிறுவையிலும் சில கிலோ கழிக்கப்படுகின்றது. குறித்த நிறை வராவிட்டால் அன்றைக்கு அரைப்பேர். மழைக்காலத்தில் எவ்வளவு கழிக்கப்படுகின்றதோ வெயிற்காலத்திலும் அவ்வளவே கழிக்கப்படுவதாகத் தொழிலாளப் பெண்கள் முறையிடுகின்றனர். உயர்தர வகுப்பின் முதல் மாதத்திலேயே வேணியர் இடுக்கியைக் கையிற் கொடுத்து ஆசிரியர் கற்பிக்கும் ‘பூச்சிய வழு’ என்பது இதுவன்றோ? சாக்கின் நிறை மாறாதது. அதனை ஒருமுறை நிறுத்தால் தெரிந்துவிடும். இலையின் ஈரம் மாறுவது. மழை நாளிலும் வெயில் நாளிலும் பறித்த இலையைத் துடைத்து நிறுத்துப் பார்த்தால் அதுவும் தெரிந்துவிடும். எப்பொழுதும் ஒரே பக்கம் சாய்கின்ற வழு தற்செயலான வழுவாகாது என்பதைப் பௌதிகவியல் மாணவன் தூக்கத்திலும் சொல்வான். ஆனால் தாய் பறித்த கொழுந்தின் நிறையை ஒரு மாத காலம் குறித்து வைத்து, அளந்த முறையைக் கூறி, வழுவின் எல்லையைக் கூறி, முடிபைத் தொழில் ஆணையாளர் தட்டிக்கழிக்க முடியாத வகையிலே நான்கு பக்கத்தில் எழுது என்றால் அவன் திகைத்து நிற்பான். ‘அநியாயம்’ என்ற சொல் கூட்டங்களிலே நூறு முறை முழங்கியாயிற்று. அந்த நான்கு பக்கத்தைத்தான் காணவில்லை.

மழையின் கதை இதனினும் கொடியது. 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தின் லயங்கள் மண்ணுள் புதைந்தன. அவ்விடம் ஆபத்தானது, மக்கள் அகற்றப்பட வேண்டும் என்று 2005இலும் 2011இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. 2025 நவம்பர் இறுதியிலே டித்வா சூறாவளி வந்தபோது கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் மலைகள் மீண்டுஞ் சரிந்து உயிர்களைக் கொண்டுசென்றன. இருபத்துநான்கு மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாயிருத்தல், 100 மில்லிமீற்றர் பெய்தால் எச்சரிக்கை, 150 மில்லிமீற்றர் பெய்தால் வெளியேறுதல் என்று அந்நிறுவனம் எல்லை வகுத்துள்ளது. தோட்டங்களிலே மழையளவு நாள்தோறும் பதியப்படுவது வெள்ளையர் காலத்து வழக்கம். தோட்டக் காரியாலயத்திலே மழைப் பதிவேடு உண்டு. ஆக, எல்லை கொழும்பிலே உண்டு. அளவு துரையின் மேசையிலே உண்டு. மலைச்சரிவோ லயத்தின் பின்புறத்திலே உண்டு. மூன்றையும் ஒரு தாளிலே சேர்த்து, லயத்தில் வாழும் மூதாட்டிக்கு விளங்கும் தமிழிலே எழுதி, பிரட்டுக்களத்திலே ஒட்டுவதற்கு ஒருவர் வேண்டும். சுவரிலே புதிதாக வெடிப்புக் கண்டால், மரம் சாயத் தொடங்கினால், ஊற்று நீர் திடீரெனக் கலங்கினால் அல்லது புதிய இடத்திலே ஊற்றெடுத்தால் என்ன செய்ய வேண்டுமென்று அதே தாளில் எழுதலாம். இவற்றை அம்மூதாட்டி ஏற்கெனவே கண்டிருப்பாள். மழைமானியின் எண்ணோடு அவற்றைச் சேர்த்துப் பார்க்க அவளுக்கு வழியிருந்ததில்லை.

‘எழுத்திருந்தால் மீரியபெத்தை தப்பியிருக்குமா?’ என்று எவரேனும் கேட்பின், அது நியாயமான கேள்வியே. வெளியேறு என்று கூறப்பட்ட தொழிலாளிக்கு வெளியேறிச் செல்ல ஓர் அடி நிலமும் சொந்தமாயில்லை என்பதே முதற் பிரச்சினை. எச்சரிக்கையை அழகிய தமிழில் எழுதுவதால் நிலம் கிடைத்துவிடாது. ஆனால் நிலம் கேட்பவன் எதைக்கொண்டு கேட்பான்? இந்த லயம் இந்தச் சரிவிலே இத்தனை பாகை சாய்விலே உள்ளது, இத்தனை ஆண்டுகளில் இத்தனை முறை எல்லை கடந்த மழை பெய்துள்ளது, இத்தனை குடும்பங்கள் உள்ளன என்ற பதிவு கையிலிருந்தால் கோரிக்கை வேறு குரலிலே ஒலிக்கும். எண்ணற்ற முறையீடு இரக்கத்தை மட்டுமே வேண்டி நிற்கின்றது. இரக்கம் இரண்டு வாரத்திற் காய்ந்துவிடும்.

பசளையின் கதையும் உண்டு. 2021 மே மாதத்திலே இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அதே ஆண்டு நவம்பரிலே அத்தடை கைவிடப்பட்டது. 2021இல் ஏறத்தாழ 299 மில்லியன் கிலோவாயிருந்த தேயிலை உற்பத்தி 2022இல் ஏறத்தாழ 251 மில்லியனாகச் சரிந்தது. காரணங்கள் பலவாயினும் பசளையின்மை அவற்றுள் முதன்மையானது. இலையையே விளைவாகக் கொண்ட பயிருக்கு நைதரசன் எத்துணை இன்றியமையாதது என்பதை இரசாயனவியல் மாணவன் ஒவ்வொருவனும் அறிவான். கொழுந்து குறைந்தால் யாருடைய பேர் முதலில் அரையாகும் என்பதை லயத்துப் பிள்ளை ஒவ்வொன்றும் அறியும். இவ்விரண்டையும் ஒருங்கே அறிந்த மாணவர் சிலராவது அந்நாளிலே பல்கலைக்கழகங்களில் இருந்தனர். 1925இல் நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலை சென்கூம்ஸ் தோட்டத்திலே, அம்மாணவர் பலரின் வீட்டுக்கு அண்மையிலேயே இருக்கின்றது. தடையைப் பற்றிக் கவிதைகள் வந்தன. கண்டன அறிக்கைகள் வந்தன. ஒரு மலையின் கொழுந்துக் கணக்கைப் பசளையிட்ட ஆண்டோடும் இடாத ஆண்டோடும் ஒப்பிட்டு, தோட்டத்துப் பிள்ளையொருவர் தமிழில் எழுதிய ஒரு கட்டுரையை எவரேனும் காட்டுவாராயின் அது போற்றிப் பாதுகாக்கத்தக்கது.

விஞ்ஞான மாணவர் யாவரும் எழுதியே தீர வேண்டும் என்பதற்கு எதிராகக் கூறப்படும் வாதங்களுள் ஒன்றே வலிமையுடையது. எழுத்தைக் கட்டாயமாக்கினால் முதலிலே வீழ்பவன் தோட்டப் பிள்ளையே என்பது அவ்வாதம். பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் இடையிலுள்ள அகழியை வீட்டில் நூலில்லாத பிள்ளை தனியே தாண்ட வேண்டியுள்ளது. விஞ்ஞான ஆசிரியரும் ஆய்வுகூடமும் உள்ள தமிழ்ப் பாடசாலைகள் மலையகத்தில் விரல்விட்டு எண்ணத்தக்கன. அவற்றிலும் ஒரு பாடத்துக்கு ஆசிரியர் இருப்பின் மற்றதற்கு இரார். இத்தனை தடைகளையும் தாண்டி வரும் பிள்ளையின் காலிலே இன்னுமொரு கல்லைக் கட்டுவதா என்று கேட்கின்றனர். எழுத்துத் தேர்வு ஒன்றை வைத்து, அதிற் சித்தியெய்தாதவனை வெளியே தள்ளுவதுதான் கட்டாயம் என்றால் இவ்வாதம் முற்றிலும் சரியானதே. துண்டையும் 1949ஆம் ஆண்டுச் சட்டத்தையும் கண்ட மக்களுக்கு மூன்றாவது கடதாசி வாயிலொன்று வேண்டியதில்லை.

ஆனால் கட்டாயம் என்பது மாணவன் தலையிலேதான் விழ வேண்டுமா? விஞ்ஞானத்துக்கும் பொறியியலுக்கும் உலகப்புகழ் பெற்ற அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் தொழினுட்ப நிறுவனம், 2001ஆம் ஆண்டு சேர்ந்த மாணவர் தொட்டு ஒரு விதியை நடைமுறைப்படுத்தியது. ஒவ்வொரு மாணவரும் எழுத்துக்கும் பேச்சுக்கும் முதன்மை தரும் நான்கு பாடங்களைப் பயில வேண்டும். அவற்றுள் இரண்டு மானிடவியற் கலைகளைச் சார்ந்தவை, மற்றைய இரண்டு அம்மாணவரின் சொந்தத் துறைக்குள்ளேயே அமைந்தவை. இயந்திரப் பொறியியல் பயில்பவன் இயந்திரத்தைப் பற்றியே எழுதுகின்றான். எழுதியது வாசிக்கப்பட்டு, திருத்தப்பட்டு, மீண்டும் அவனால் எழுதப்படுகின்றது. அங்கே கட்டாயத்தின் பெரும்பங்கு ஆசிரியர்மேல் விழுகின்றது. வாசிப்பதற்கு ஆள் வேண்டும். திருத்துவதற்கு நேரம் வேண்டும். அவற்றுக்குப் பணம் ஒதுக்க வேண்டும். இங்கே கோரப்படும் கட்டாயமும் அத்தகையதே. மாணவனை எழுத்திலே தேர்வு செய்யும் உரிமை நிறுவனத்துக்கு வேண்டாம். மாணவனுக்கு எழுத்தைக் கற்பித்தே தீர வேண்டிய கடமை அதற்கு வேண்டும்.

எழுத்து ஏழையின் காலிற் கட்டிய கல் என்பார்க்கு மைக்கேல் பரடேயின் வாழ்க்கையை நினைவூட்டுதல் தகும். கொல்லன் மகன்; புத்தகங் கட்டுபவரிடம் தொழில் பழகியவன்; முறையான பள்ளிக் கல்வி மிகக் குறைவு. 1812இல் ஹம்பிறி டேவியின் விரிவுரைகளைக் கேட்டு, அவற்றை விரிவாக எழுதி, தன் கையாலேயே நூலாகக் கட்டி டேவிக்கு அனுப்பினான். அடுத்த ஆண்டு ரோயல் நிறுவனத்திலே உதவியாளனாக இடங் கிடைத்தது. அவ்விளைஞன் தன் எழுத்தைச் செம்மைப்படுத்தும் நோக்குடனேயே நண்பனொருவனுடன் கடிதத் தொடர்பு வைத்திருந்தான் என்பதும் பதிவாகியுள்ளது. உயர்கணிதம் அவனுக்கு ஒருநாளும் வசப்படவில்லை. தான் கண்டதை வாசிப்பவன் கண்முன்னே நிறுத்தும் உரைநடை வசப்பட்டது. பின்னாளில் மெழுகுவர்த்தியொன்றை வைத்துக்கொண்டு சிறுவருக்கு இரசாயனவியல் முழுவதையும் விளக்கிய அவனது விரிவுரைகள் 1861இல் நூலாயின.

எழுதாமையின் விலையைச் செல்வ நாடுகளும் கொடுத்துள்ளன. 2003ஆம் ஆண்டு பெப்ரவரியிலே கொலம்பியா விண்ணோடம் சிதறி எழுவர் மாண்டனர். விசாரணைக் குழு அதே ஆண்டு வெளியிட்ட அறிக்கையிலே, பொறியியலாளர் முழுமையான தொழினுட்பக் கட்டுரைகளை எழுதுவதை விடுத்து, திரையிற் காட்டும் துணுக்குக் குறிப்புகளை நம்பியிருந்த வழக்கத்தையும் கண்டித்தது. முழு வசனம் எழுத வேண்டியிருந்தால் ‘ஆதலால்’ என்றோ ‘ஆயினும்’ என்றோ ஒரு சொல் இட்டே ஆக வேண்டும். அச்சொல்லை இடும்போதுதான் தனக்குத் தெரியாதது எதுவென எழுதுபவனுக்குத் தெரியவரும். மலையகத்து மாணவன் பல்தேர்வு வினாவிலேயே வளர்க்கப்படுகின்றான். பல்தேர்வு வினாவில் ‘ஆதலால்’ இல்லை.

இதுகாறும் கூறியவை விஞ்ஞான பீடத்தாரை நோக்கியன. கலைப்பீடத்தாரும் தமிழ்த்துறையினரும் தப்பிவிட முடியாது. தமிழ் கற்பித்தல் என்றால் புணர்ச்சி விதியும் செய்யுள் நயமும் அலங்காரக் கட்டுரையுமே என்ற நிலையை ஆக்கியவர்கள் இவர்களே. ஒரு தராசு எவ்வாறு பிழைக்கின்றது என்பதை விளக்கும் உரைநடை, அவர்தம் கணிப்பிலே உரைநடையாவதில்லை. மலையகத்தைப் பற்றி எழுதப்படும் ஆய்வுகளை எடுத்துக்கொண்டாலும், ‘மலையக இலக்கியத்திலே சோகம்’ என்ற பொருளைச் சுற்றிச் சுற்றியே அவை வருகின்றன. சி. வி. வேலுப்பிள்ளை போன்றோரின் எழுத்துச் சிறப்பை எவரும் மறுப்பதற்கில்லை. அதன் கண்ணீரை ஆண்டுதோறும் அளந்துகொண்டிருப்போர் மழைமானியின் நீரை ஒருமுறையேனும் அளந்ததில்லை என்பதே குற்றச்சாட்டு. தமிழ்நாட்டிலே அறிவியலைத் தமிழிலே எழுதுவதை வாழ்நாட் பணியாகக் கொண்ட பெ. நா. அப்புஸ்வாமி தொழிலால் வழக்கறிஞர். விஞ்ஞானிகள் எழுதாத வெற்றிடத்தை ஒரு வழக்கறிஞர் நிரப்ப வேண்டியிருந்தது என்பதிலே பெருமைப்படவும் இடமுண்டு, நாணவும் இடமுண்டு.

இத்தகைய கல்வி ஈழத் தமிழருக்குப் புதியதன்று. 1823 முதல் 1855 வரை வட்டுக்கோட்டையிலே இயங்கிய செமினரி, அமெரிக்கக் கலைக் கல்லூரிகளின் முறையிலே கணிதம், வானியல், இயற்கைத் தத்துவம், தமிழ், ஆங்கிலம் யாவற்றையும் ஒரே மாணவனுக்குக் கற்பித்தது. அதன் மதநோக்கை ஏற்காதவரும் அதன் கல்விநோக்கின் விளைவைக் காண மறுக்கலாகாது. அங்கே பயின்ற கறோல் விசுவநாதபிள்ளை வீசகணிதத்தைத் தமிழில் எழுதினார். அவரோடு சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாகத் தேறிய சி. வை. தாமோதரம்பிள்ளை ஏடுகளிலே கிடந்த இலக்கணங்களைப் பதிப்பித்தார். ஒரே கூடத்திலே இருவரும் உருவாயினர். மானிப்பாயிலே வைத்தியர் சாமுவேல் கிறீன் 1864 தொடக்கம் தமிழிலேயே மேலைநாட்டு மருத்துவம் கற்பித்து, மருத்துவ நூல்களை ஆயிரக்கணக்கான பக்கங்களிலே தமிழாக்குவித்தார். அன்றைய யாழ்ப்பாணத்திலே இயன்றது இன்றைய ஹற்றனிலே ஏன் இயலாது? ‘கலைச்சொல் இல்லை’ என்ற பழைய சாட்டு இனிச் செல்லாது. அரசகரும மொழித் திணைக்களம் சென்ற நூற்றாண்டிலேயே துறைதோறும் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டுவிட்டது. அத்தொகுதியில் இல்லாத சொல் தோட்டத்திலே உண்டு. கவ்வாத்து என்ற சொல்லை விளக்க எந்த அகராதியும் தேவையில்லை. கான் வெட்டத் தெரிந்தவனுக்கு மண்ணரிப்பை விளக்க வேண்டியதில்லை. இச்சொற்களைக் கொச்சையெனத் தள்ளி, வீட்டில் எவரும் பேசாத சொற்களால் மட்டுமே எழுத வேண்டுமென்று பாடசாலை கூறும்பொழுதே லயத்துப் பிள்ளையின் பேனா நின்றுவிடுகின்றது.

எழுத வேண்டிய மொழி தமிழா ஆங்கிலமா என்ற வழக்கும் எழும். ஆணையாளருக்கும் ஆராய்ச்சிச் சஞ்சிகைக்கும் எழுத ஆங்கிலம் வேண்டும். பிரட்டுக்களத்துக்குத் தமிழ் வேண்டும். சிங்களமும் கற்றல் நன்று. அரசாங்கக் காரியாலயங்களின் கோப்புகள் பெரும்பாலும் அம்மொழியிலேயே நகர்கின்றன. எனினும் சிந்தனையை ஒழுங்குபடுத்தும் முதற் பயிற்சி, பிள்ளை எந்த மொழியிலே சினங்கொள்கின்றதோ அந்த மொழியிலே நிகழ்தல் வேண்டும்.

செய்ய வேண்டியது பெரிய காரியமன்று. மலையகத்தின் உயர்தர விஞ்ஞான வகுப்புகளிலே வாரத்துக்கு ஒரு பாடவேளை தமிழில் எழுதுவதற்கு ஒதுக்கப்படட்டும். அதற்குப் பரீட்சையும் வேண்டாம், புள்ளியும் வேண்டாம். பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியிலே பயிற்சிபெறும் விஞ்ஞான ஆசிரியர்க்கு, மாணவன் எழுதிய ஒரு பக்கத்தை வாசித்துத் திருத்தும் முறையும் பயிற்றப்படட்டும். பல்கலைக்கழக விஞ்ஞான பீடங்களிலே தமிழ் மாணவர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு நீண்ட கட்டுரையைத் தம் ஊரைப் பற்றியதாகவும் தம் துறையைச் சார்ந்ததாகவும் எழுதட்டும். அது இருமுறையேனும் திருத்தப்பட்டுத் திரும்பட்டும். இத்தனை கட்டுரைகளையும் வாசிக்க ஆளெங்கே என்று விஞ்ஞான பீட விரிவுரையாளர் கேட்பர். தமிழ்ச் சிறப்புக்கலை மாணவர் ஆண்டுதோறும் பலர் வெளியேறுகின்றனர். இறுதியாண்டிலே அவர்கள் ஒவ்வொருவரிடமும் நான்கு விஞ்ஞான மாணவரை ஒப்படைக்கலாம். அவர்களுக்குப் பூச்சிய வழு இன்னதென்று தெரியாதே என்பர். தெரியாதுதான். விளங்கவில்லை என்று சொல்லக்கூடிய ஒரு வாசகன் முன்னே, அது விளங்கும்வரை எழுதிக் காட்ட வேண்டிய பொறுப்பு விஞ்ஞான மாணவனுடையது. முதலாவது கட்டுரைக்கு மடுவத்துத் தராசையே பொருளாகக் கொடுக்கலாம். அடுத்த விடுமுறையில் வீட்டுக்குச் செல்லும்போது ஒரு கிலோப் படிக்கல்லையும் ஒரு வெற்றுச் சாக்கையும் ஒரு குறிப்பேட்டையும் கொண்டுசெல்லட்டும்.